மூணாம் நம்பர் மெஷின்

"கையுறையைக் கழட்டுங்க அக்கா."

எலெக்ட்ரீஷியன் மெல்லத்தான் சொன்னான். மூணாம் நம்பர் மெஷினில் நின்றிருந்தவள் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு?"

"ஒரு படம் எடுக்கணும்."

அவன் கையில் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா. மாதம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு அந்த அட்டைப்பெட்டி ஆலையைச் சுற்றி வருவான். எந்த மோட்டார் சூடாகிறது, எந்த பேரிங் தேய்கிறது என்று படம் எடுத்து மேனேஜரிடம் கொடுப்பான். யார் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்ற கணக்கையும் சேர்த்தே கொடுப்பான் என்று பேச்சு. அவன் தலை தெரிந்தாலே பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"மெஷினைப் படம் எடுக்க வந்தவனுக்கு என் கை எதுக்குப்பா?"

"நாலு நாளா பார்க்கிறேன், அட்டையை விரலால பிடிக்காம உள்ளங்கையால தள்ளுறீங்க. மூட்டு வீங்கிச் சூடா இருந்தா இதுல சிவப்பாத் தெரியும். ஆஸ்பத்திரியிலகூட இப்படிப் படம் எடுத்துப் பார்க்கிறாங்களாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் டாக்டர் சீட்டோடு மேனேஜர் அறைக்குப் போனபோது, ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தவன் இவன்தான். முடக்குவாதம், பதினைந்து நாள் கைக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதியிருந்த சீட்டு. மேனேஜர் அதை முழுசாகக்கூடப் படிக்கவில்லை.

"கை வலிக்காதவங்க யாரும்மா? முடியலைன்னா சொல்லிடு. வெளியே பத்துப் பேர் நிக்கிறாங்க."

அதற்குப் பிறகு அவள் வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. மகளுக்கு இது கடைசி வருஷப் படிப்பு.

"மேனேஜர் அனுப்பினாரா?"

"சீக்கிரம் அக்கா, ஆள் வர்றாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். அவன் கேமராவை விரல் முட்டிகளுக்கு மிக அருகில் கொண்டுபோய் க்ளிக் செய்தான். நேராக மேனேஜர் அறைக்குப் போனான்.

"போச்சு. போட்டுக் கொடுக்கப் போறான்," என்றாள் பக்கத்து மெஷின்காரி.

அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. காலில் விழுந்தாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள். அறைக்குள் எலெக்ட்ரீஷியன் சுவரோரம் நின்றிருந்தான். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மேனேஜர் ஒரு தாளை மேஜை மேல் அடித்துப் போட்டார்.

"இது என்னன்னு தெரியுதா?"

தெரிந்தது. தணல் மாதிரி நாலு சிவப்பு உருண்டைகள். ஒன்றுக்குக் கீழே மெல்லிய நீலக் கோடு. வீக்கத்தால் மூன்று மாதமாகக் கழற்ற முடியாத அவளுடைய மோதிரம். எத்தனை டிகிரி என்று எண் இருக்க வேண்டிய மூலை மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

"சார், அது வந்து என்..."

"பேரிங் சார்," என்று எலெக்ட்ரீஷியன் முந்திக்கொண்டான். "மூணாம் நம்பர் மெஷின். நாலும் கொதிக்குது. புதுசு வர பதினஞ்சு நாள் ஆகும். அதுவரை ஓட்டினா மொத்தமாப் போயிடும்."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாம்மா? பதினஞ்சு நாள் அது பக்கமே போகாதே. மெஷின் நின்னா சம்பளத்தோட லீவு, அதான் ரூல். வீட்டுல இரு."

மேனேஜர் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"இந்த நிலைமையில போட்டு வேலை வாங்கியிருக்கியே, மனசாட்சி வேணாமா? எனக்கு வலிக்குதுன்னு அதால வாயைத் திறந்து சொல்லவா முடியும்?"