முதுகில் ஒரு கை

"மிதி, மிதி. நான் இருக்கேன்ல?" என்று சொல்லி, அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினான் கணவன். ஒரு கை தன் சைக்கிள் ஹேண்டில்பாரில், ஒரு கை மனைவியின் முதுகில். அவர்களைக் கடந்து போன ஒரு பெண், கட்டினால் இப்படி ஓர் ஆளைக் கட்ட வேண்டும் என்று காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. நூற்று நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஜோடியாகக் கிளம்பி, பத்து மணி நேரத்துக்குள் ஜோடியாகவே முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒருவர் பின்தங்கினால் இருவருக்கும் பதக்கம் கிடையாது.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, அதற்கு மேல் ஒரு வருஷம் பயிற்சி எடுத்தவள் அவள். மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு நாலு நிமிஷம் முன்னாலேயே மேட்டின் உச்சியைத் தொட்டிருக்கிறாள். அன்று அவனுக்கு ஜலதோஷம் என்று அப்புறம்தான் சொன்னான். அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் ஒரு தடவைகூட அவனை முந்த முடியவில்லை. அவளுடைய கால்களே அவளுக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தன.

இந்தக் கால்களை நம்பி இன்னொரு விஷயமும் காத்திருந்தது. அடுத்த வருஷம் நாலு பெண்கள் சேர்ந்து சைக்கிளில் மூன்று நாள் மலைப் பயணம் போகிறார்கள். நாலாவது ஆளாக அவளைக் கூப்பிட்டிருந்தார் குழுவின் தலைவியான பல் டாக்டர். உடனே சரி என்று சொல்லத் துடித்தவளைக் கணவன்தான் நிறுத்தினான்.

"இந்த மலையை எப்படி ஏறுறேன்னு பாத்துட்டு பதில் சொல்லு. அப்புறம் நாலு பேருக்கு நடுவுல நீ கஷ்டப்படக் கூடாது பாரு."

நியாயமான பேச்சு. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எதையும் அளந்து பார்த்துத்தான் சொல்வான்.

பாதி வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் கூடாரத்துக்குள் போய்விட, வேனில் கூடவே வரும் மெக்கானிக் மட்டும் வெளியே வரிசையாகச் சாத்தியிருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். தான் கை வைத்த வண்டிக்கெல்லாம் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் பொட்டு ஒட்டினார். அவள் இரண்டு வாழைப்பழம் தின்றாள்.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும் வண்டி பறந்தது. வாழைப்பழத்துக்கு இத்தனை சக்தியா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து ஜோடிகளைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தால், கணவன் எங்கேயோ பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் நில்லு. உன் வண்டில ஏதோ சத்தம் கேக்குது," என்று கத்தினான்.

அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரனுக்குக் காதும் கூர்மை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றாள். வண்டியைத் தன்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடித்துவரச் சொன்னான். அவள் ரோட்டோரக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். செயினில் ஒரு சின்னக் கல் மாட்டியிருந்ததாம்.

வாழைப்பழத்தின் சக்தி அடுத்த வளைவோடு தீர்ந்துபோனது. முந்திய ஐந்து ஜோடிகளும் திரும்ப அவளை முந்தினார்கள். அவள் அழுதே விட்டாள். தன்னால் அவன் பதக்கமும் போகப் போகிறது, எப்படியாவது அவனை மட்டும் போகவிடப் போட்டி விதியில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம் என்றாள். அவன் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. மறுபடி முதுகில் கை வைத்தான்.

பத்து மணி நேரம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினார்கள். அன்றைக்குக் கடைசி ஜோடி அவர்கள்தான். கூட்டமே எழுந்து நின்று கை தட்டியது. கணவனின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனார்கள்.

அவள் மேடைக்குப் போகவில்லை. கூட்டத்தில் நின்ற பல் டாக்டரிடம் நேராகப் போய், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள்.

"அண்ணா, இதை யாருக்காவது வித்துக் குடுத்துடுங்க. எனக்கு இது ஒத்து வரலை."

மெக்கானிக் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அது ஒரு சுற்றுக்கூட முழுசாகச் சுற்றாமல் நின்றது. குனிந்து பார்த்தார்.

"பிரேக் கட்டை சக்கரத்தை உரசிட்டு இருக்கும்மா. இதோடயா மலை ஏறினீங்க?"

காலையில் வேனில் ஏற்றும்போது எங்காவது இடித்திருக்கும் என்றாள் அவள். மற்றபடி வண்டியைக் கணவன் கண் மாதிரி பார்த்துக்கொள்கிறான், மூன்று மாதமாக அவளை ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட விடுவதில்லை என்று அவனுக்காகப் பரிந்து பேசினாள்.

மேடையில் மைக் அலறியது. மனைவியைக் கடைசி வரைக்கும் கைவிடாத அந்த மனிதருக்கு இன்னொரு முறை கை தட்டச் சொன்னார்கள்.

மெக்கானிக் கை தட்டவில்லை. சீட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் பொட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"மத்தியானமே நான் இதைத் தளர்த்தி விட்டேனேம்மா. மறுபடி யாரு முடுக்கினது?"