மரத்தின் நிழலைக் கழித்து

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு மதாம் பெரோ பெருமூச்சு விட்டாள்.

இன்றைக்கு இது அவளுக்கு ஏழாவது வீடு.

அதே பெண்தான். நாலு வருசத்துக்கு முன்னால் இதே கதிரையில் இருந்து, வயலில் நிற்கிற மரத்தின் நிழல் விழுகிற நிலத்தை மானியத்தில் கழிப்போம் என்று சொன்ன விவசாய அலுவலகத்துப் பெண்.

தேநீரை வைத்துவிட்டுத் தில்லைநாதனின் மனைவி தள்ளி நின்றாள். முகம் கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டதாம். ஐரோப்பிய ஒன்றியத்து இருபத்தேழு நாடுகளும் வருசக்கணக்காகக் கூடிக் கூடிப் பேசி மாற்றினார்களாம். இனி மரம் நின்றால் கழிப்பதில்லை. மேலதிகமாகப் பணம் தருவார்கள்.

அடப் பாவிகளா!

இதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஒரே ஒரு வால்நட் மரம். ஊரை விட்டு இந்தப் பிரெஞ்சுக் கிராமத்துக்கு வந்து, யாருடையதோ வயலில் கூலிக்கு நின்ற காலத்தில், அவளும் தில்லைநாதனும் சோற்றுப் பெட்டியைத் திறந்தது அதன் கீழேதான். பிறகு அதே வயலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எடுத்த மூன்றாம் வருசம் இந்த நிழல் கணக்கு வந்தது. மானியம் குறைந்தால் குத்தகை கட்ட முடியாது. ஒரு சனிக்கிழமை அவர் தானே போய் மரத்தை அறுத்துவிட்டு வந்தார்.

"உங்களுக்கு மனசெண்டு ஒண்டு இருக்கா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அந்த வயல் பக்கம் அவள் கால் வைக்கவில்லை. வீட்டிலும் பேச்சுக் குறைந்துபோனது. சாப்பிடுறீங்களா, கதவு பூட்டியாச்சா, அவ்வளவுதான்.

மதாம் திரையை அவள் பக்கம் திருப்பினாள். புதுச் சட்டப்படி ஒவ்வொரு வயலையும் வானத்திலிருந்து படம் எடுக்கிறார்கள். இது போன மாதத்துப் படம்.

உழவுக் கோடுகள் நேராக வருகின்றன. நடு வயலில் வளைகின்றன. ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி நேராகப் போகின்றன.

வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. வெறும் புல்.

மரமும் இல்லை, விதைப்பும் இல்லை, இதைக் கழிக்கத்தான் வேண்டும் என்றாள் மதாம். ஒன்றுமில்லாத இடத்தை ஏன் சுற்றி உழுகிறார் என்றும் கேட்டாள்.

அவள் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். வால்நட் மரம் நின்ற இடம்.

நாலு வருசம். ஒவ்வொரு உழவுக்கும் அந்த மனுசன் அங்கே டிராக்டரை வளைத்திருக்கிறார்.

தில்லைநாதன் சேற்றுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். படத்தைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது... அடுத்த முறை நேரா உழுதுவிடுறன்."

"ஒண்டும் வேண்டாம். கழிக்கட்டும்."

அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு மத்தியானச் சோறு நான் அங்க கொண்டு வாறன்."