மில்லைப் பற்றி அம்மா பேசியது

மூடிப்போன துணி மில்லின் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் பேசிய டேப்புகள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அதில் ஒன்றைக் கேட்கத் தையல்கார அக்கா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். அவளைப் பெற்றதும் கண்மூடிய அம்மாவின் குரல் அந்த டேப்பில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

“வெறும் தறிக் கதைதான்க்கா. டேப்பைக் கேட்டுக் கேட்டு எழுதினதே நான்தான், எனக்கு மனப்பாடம்” என்றபடி காப்பக ஊழியர் டேப்பை ஓடவிட்டார்.

“நாப்பது வருஷ ஏக்கம் தம்பி. எங்கம்மா திட்டினாகூட எனக்குத் தேன்தான்.”

அம்மா கணீரென்று பேசினாள். இழை அறுந்தால் மேஸ்திரி தையா தக்கா என்று குதிப்பதைச் சொல்லிச் சிரித்தாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

டேப்பில் பேச்சு நின்றது. “யாரு அழறது?”

“யாரும் இல்லையேம்மா” என்றார் அன்று அவளைப் பேட்டி எடுத்தவர்.

“பக்கத்துலதான் கேக்குது. அழாதடி தங்கம், அம்மா பேசிட்டுதானே இருக்கேன்?”

ஊழியர் தான் எழுதிய பக்கங்களைப் புரட்டினார். அந்தப் பேச்சு அதில் இல்லை. டேப்பை நிறுத்தப்போன அவர் கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

அவள் விசும்பல் அடங்கும்வரை டேப் மௌனமாக ஓடியது. அதன் பிறகுதான் அம்மா மேஸ்திரியின் கதையைத் தொடர்ந்தாள்.