பழைய பாஸ்வேர்டு

"மாமா, பழைய பாஸ்வேர்டை ஒரு தடவை அடிச்சுக் குடுத்துடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தார். போட்டோ ஸ்டூடியோக்காரர் அதில் உட்காராமல் தள்ளியே நின்றார்.

"நல்லாத்தானே ஓடிட்டிருக்கு? இப்ப எதுக்கு மாப்ளே அதைப் போய் நோண்டிக்கிட்டு?"

"பெட்டியை வித்த கம்பெனியே எல்லாரும் மாத்துங்கன்னு சொல்லியிருக்கு மாமா. எவனோ உள்ள பூந்து பார்க்கறானாம். பழசை அடிச்சாத்தான் புதுசு போட விடும்."

பெட்டி என்பது மேஜைக்கடியில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு கிடக்கும் கறுப்புப் பெட்டி. ஸ்டூடியோவில் எடுக்கிற படமெல்லாம் நெட்வொர்க் வழியாக அதற்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். படங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது கம்ப்யூட்டரில் இருக்கும் பேக்கப் மென்பொருள். பெட்டி வாங்கிய அன்று ஸ்டூடியோக்காரரே ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதை மென்பொருளிலும் பதித்துவிட்டார். அதன் பிறகு யாரும் அதை அடிக்க வேண்டியே வரவில்லை.

ஒழுங்கான பாஸ்வேர்டாக வைத்திருந்தால் வம்பில்லை. அன்று மனுஷனுக்குக் கோபம். வேலை போன மாப்பிள்ளை, மகளோடு மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வந்து மாடி அறையில் குடியேறியிருந்த சமயம். வாயால் சொல்ல முடியாததை விரலால் அடித்துத் தீர்த்துக்கொண்டார். எவன் பார்க்கப் போகிறான் என்ற தைரியம்.

இன்று கடை ஓடுவதே மாப்பிள்ளையால்தான். வருகிறவர்களெல்லாம் "தம்பி இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படி உழைக்க மாட்டான் என்று ஸ்டூடியோக்காரரே ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார். அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டுமென்று அவர் நினைக்காத நாளில்லை. எப்படி மாற்றுவது என்று கேட்க மாப்பிள்ளையை விட்டால் வேறு ஆள் இல்லை. அதுதான் சிக்கல்.

தெரிந்தால் அவ்வளவுதான். ரோஷக்காரர், அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மாப்ளே. நானே அடிக்கிறேன்."

"இங்கேயே திரும்பி நின்னுக்கறேன் மாமா."

மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்து நின்றுகொண்டார். ஸ்டூடியோக்காரர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். தவறு என்றது திரை. மறுபடி அடித்தார். தவறு, இன்னும் ஒரே ஒரு முறைதான், அப்புறம் பூட்டிக்கொள்வேன் என்று மிரட்டியது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி சரியில்ல."

"பதறாதீங்க. எப்படியும் பேக்கப்புலயும் பதிஞ்சிருக்கற பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டாகணும். இல்லேன்னா அது பழைய சாவியை வெச்சுக்கிட்டுக் கதவை ஆட்டிக்கிட்டே நிக்கும். ஒரு படம் உள்ள போகாது."

மாப்பிள்ளை வந்து அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்தார். பாஸ்வேர்டு கட்டத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம்.

"இந்தக் கண்ணு எதுக்கு மாப்ளே?"

"அமுக்கினா புள்ளியெல்லாம் எழுத்தாத் தெரியும்."

"தொடாதீங்க!"

அவர் போட்ட கூச்சலில் பின்கட்டுச் சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு? ஷாக் அடிச்சிடுச்சா?"

"பாஸ்வேர்டு மாத்தறோம் அத்தை. வேற ஒண்ணுமில்ல."

"அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? அப்படி என்ன பாஸ்வேர்டு? காலேஜ்ல ஒருத்தி பின்னால சுத்தினீங்களே, அவ பேரா?"

அவள் பேராக இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டார் ஸ்டூடியோக்காரர்.

"சரி, நீங்க வாங்க மாப்பிள்ளை. சாப்பாடு ஆறுது."

"இதை முடிச்சிட்டு வரேன் அத்தை."

"எப்பப் பாரு இதே பதில்! கையில இருக்கற வேலை முடியாம தட்டு முன்னால உட்கார மாட்டேங்கறார். நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று கணவரை முறைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஸ்டூடியோக்காரருக்கு மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிற மனுஷன். இவரைப் போயா அப்படி எழுதினோம் என்று கூசியது. நாலு பேர் நடுவில் கன்னத்தில் அறை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. சொல்லித் தொலைத்து, மன்னிப்புக் கேட்டுவிடலாமா?

"மாப்ளே... ஒரு விஷயம். அப்ப எனக்கு ஏதோ புத்தி கெட்டுப்போய்..."

மாப்பிள்ளை முடிக்க விடவில்லை.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மாமா. இதுதான் கடைசித் தடவை. நிதானமா அடிங்க."

மாப்பிள்ளை பழைய திரைக்கே மாற்றிவிட்டு, மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் வேர்த்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்து முடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என்டர் பொத்தானைத் தேடினார்.

"இருங்க மாமா, அவசரப்படாதீங்க." உள்ளே அத்தைக்குக் கேட்காதபடி, சுவரைப் பார்த்தபடியே மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "தண்டச்சோறோட நிறுத்திடாதீங்க. பின்னாலயே எங்க கல்யாண வருஷத்தையும் அன்னிக்குப் போட்டிருக்கீங்க."