ஒரு அம்மா கொடுத்த சேவல்

தான் கொடுத்த சேவலைத் தானே ஏலம் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

“நூறு ரூபா” என்றார் இஸ்திரிக்காரம்மா, கூட்டத்தின் கடைசியிலிருந்து.

லாலாகுடாவில் எங்கள் கோயில் வாசலே குலுங்கிச் சிரித்தது. அன்று ஞாயிறு பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. புதுக் கோயில் கட்ட நிதி திரட்டுகிறோம். பழைய கோயிலின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுந்தால் ஃபாதர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். அதனால் வாராவாரம் ஏலம். பூசணிக்காய், பிளம் கேக், தேங்காய் என்று அவரவரால் முடிந்ததைக் கொண்டுவருவோம். ரயில்வே குவார்ட்டர்ஸ் ஓரத்தில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அந்த அம்மா ஒரு சிவப்புச் சேவலைக் கொண்டுவந்திருந்தார்.

“அடுத்தது, ஒரு அம்மா குடுத்த சேவல்!” என்று அறிவித்திருந்தார் ஏலம் விடும் சவரிராஜ். ரயில்வே ஒர்க்‌ஷாப் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது. மைக் சும்மா அலங்காரத்துக்கு.

“கைக்கு குடுக்கணும், கைக்கு திருப்பிக் கேக்கணும்?” என்று என் காதைக் கடித்தாள் பக்கத்தில் நின்ற ஷர்மிளா. எங்கள் ஊர்ப் பேச்சில் ‘கைக்கு’ என்றால் ‘எதுக்கு’. “சாமிக்குன்னு குடுத்தப்புறமும் ஆசை விடல பாருங்கக்கா.”

அவள் கணவர் ராஜீவுக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. “மூவாயிரம்” என்றார். சேவல் காரில் ஏறிப் போனது.

பன்னிரண்டாவது மாடி பால்கனியில் கட்டிப் போட்டார்கள். காலை நாலு மணிக்குக் கூவியது. நாலேகாலுக்கும் கூவியது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூடத் திட்டினார்கள். அடுத்த ஞாயிறு ராஜீவ் சேவலை மேஜைமேல் வைத்து, “கோயிலுக்கே” என்றார்.

எங்கள் பங்குக் கோயிலில் அப்படி ஒரு வழக்கம். ஏலம் எடுத்ததை யாராவது கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தால், அதை மறுபடி ஏலம் விடலாம். அப்படிக் கொடுத்தவர் பேரை மைக்கில் மூன்று தரம் சொல்வார்கள். நாங்கள் கை தட்டுவோம்.

“மாதாப்பூர் ராஜீவ்! மாதாப்பூர் ராஜீவ்! மாதாப்பூர் ராஜீவ்!”

ராஜீவ் ரொம்ப அடக்கமாகத் தலைகுனிந்தார். வாட்ஸ்அப் விஷயம் எனக்கும் ஷர்மிளாவுக்கும்தான் தெரியும்.

“இருநூறு” என்றார் இஸ்திரிக்காரம்மா.

“நாலாயிரம்” என்றார் சைனிக்புரி கர்னல் ஃபெலிக்ஸ்.

கர்னல் வீட்டில் ஆளுயர அல்சேஷன் உண்டு. சேவலைப் பார்த்ததும் அது சோஃபாவுக்கு அடியில் போனது. ரெண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, “கோயிலுக்கே”. கர்னல் பேர் மூன்று தரம் முழங்க, அவர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

“இருநூத்தம்பது” என்றார் இஸ்திரிக்காரம்மா.

அந்த வாரம் பாடல் குழு மாஸ்டர் எடுத்தார். ஒத்திகையில் சேவலும் சேர்ந்துகொண்டது. குழுவில் அது ஒன்றுதான் சுருதி விலகாமல் பாடுகிறது என்று யாரோ சொல்லிவிட, மாஸ்டர் கோபத்தோடு நாலாவது ஞாயிறு கொண்டுவந்து வைத்தார். “கோயிலுக்கே.” அவர் பேரும் மூன்று தரம்.

அன்று பூசைக்கு முன்னால் ஷர்மிளா என் கையைப் பிடித்து இழுத்தாள். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து இஸ்திரிக்காரம்மா சேவலுக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயோ பாவம்க்கா. பிள்ளை மாதிரி வளத்திருக்காங்க. இன்னிக்கு யாரும் கேக்க வேணாம். அவங்களுக்கே விட்டுடலாம்.”

செய்தி பிரசங்கத்தின்போதே பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சேர்ந்தது.

ஏலம் தொடங்கியது.

“முன்னூத்தம்பது” என்றார் இஸ்திரிக்காரம்மா.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் ராஜீவின் கை மேலே போனது. “நக்கோ, வேணாம்” என்று ஷர்மிளா கிள்ளினாள். கர்னல் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“ஒரு தரம்... ரெண்டு தரம்...” சவரிராஜ் எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “மூணு தரம்!”

அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கூரை கேட்டதில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் நல்ல மனசை நினைத்து எங்களுக்கே பெருமையாக இருந்தது.

அவர் கசங்கிய நோட்டுகளைக் கொடுத்துவிட்டுச் சேவலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வீட்டுக்குக் கொண்டுபோங்கம்மா. இனிமே உங்களுதுதான்” என்றார் சவரிராஜ்.

அவர் போகவில்லை. சேவலை மறுபடி மேஜைமேல் வைத்தார்.

“கோயிலுக்கே.”

கைதட்டல் நின்றுவிட்டது.

“இதுக்கா நாலு வாரமா கேட்டுட்டு இருந்தீங்க?” ஷர்மிளா உரக்கவே கேட்டாள்.

“ஆமாம்மா. முதல்ல குடுத்தப்ப ஒரு அம்மான்னுதான சொன்னாங்க. ஏலம் எடுத்துத் திருப்பிக் குடுத்தாதான் பேர் சொல்றாங்க.” முந்தானையைச் சரிசெய்துகொண்டு மைக்குக்கு நேராக வந்து நின்றார். “எனக்கு மூணு தரம் வேணாம்ண்ணே. ஒரு தரம் சொல்லுங்க, போதும்.”

இருபது வருஷமாக அவர் கையால் இஸ்திரி போட்ட சட்டையையே உடுத்துகிற சவரிராஜ், மைக்கை வாயருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். பிறகு அதைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் குனிந்தார்.

“இந்தம்மா பேர் என்ன?” என்று மெதுவாகக் கேட்டார்.

ஷர்மிளா என்னைப் பார்த்தாள். நான் கர்னலைப் பார்த்தேன். கர்னல் கூரையைப் பார்த்தார்.

சேவல் கூவியது.