மிதித்தால் திக்கும் வண்டி

"பொண்ணு லெட்டர் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கா. என் அண்ணன் நாலு பேரோட மெயின் ரோட்டுல தேடிக் கிளம்பிட்டார். நீங்க என்னடான்னா போன்ல யாரோட வண்டிக்கோ வைத்தியம் பார்க்கறீங்க!"

மெக்கானிக் மனைவியைக் கையமர்த்திவிட்டுப் போனில் பேச்சைத் தொடர்ந்தார்.

"சொல்லுங்க தம்பி."

"ரொம்பப் பழைய கார் சார். ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் திக்கித் திணறுது. அவசரமாப் போகணும்."

"இன்ஜினை நிறுத்திட்டு பானட்டைத் திறங்க. ஏர் ஃபில்டரைக் கழட்டி, கார்புரேட்டருக்குள்ள பார்த்துக்கிட்டே ஆக்சிலரேட்டர் லிவரைத் தள்ளுங்க. பெட்ரோல் பீச்சுதா?"

"சொட்டுகூட இல்ல சார்."

"லிவர்லேர்ந்து பெட்ரோல் பீச்சற பம்புக்குப் போற கம்பி கழண்டிருக்கும். அதை மாட்டி, ஒரு ஒயரால இறுக்கிக் கட்டுங்க."

மனைவி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"பீச்சுது சார்!"

சற்று நேரத்தில் இன்ஜின் திக்காமல் உறுமுவது போனில் கேட்டது.

"மெயின் ரோடு வேண்டாம் தம்பி. ஆத்தோர ரோட்டுலயே போங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மனைவி வெடித்தாள். "பெத்த பொண்ணைவிட அந்த வண்டி பெரிசாப் போச்சா? யாரோட வண்டி அது?"

"நம்ம வண்டிதான். காலையில பட்டறையைத் திறந்தப்பவே காணோம்."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ... பேசினது?"

"மாப்பிள்ளை. என் போன் நம்பரை உன் பொண்ணுதான் குடுத்திருப்பா" என்றபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்படாதே. அவருக்கு வேலை ஒண்ணும் தெரியல. ஆனா சொன்னதைக் கேக்கறார்."