கெளுத்தி முள்

கன்னியப்பனின் விரல்களுக்கு நடுவில் கெளுத்தி துள்ளிக்கொண்டிருந்தது. அதன் முள்ளை அவர் இன்னும் ஒடிக்கவில்லை.

மற்ற நாளாக இருந்தால் ஒரு நொடி வேலை. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. மூன்றையும் பட்பட்டென்று ஒடித்துவிட்டுத்தான் கரையில் நிற்பவர்களிடம் மீனைக் கொடுப்பார். அந்த முள் குத்தினால் லேசில் விடாது. கை பூரி மாதிரி உப்பிவிடும், இரண்டு நாளைக்கு விரல் மடங்காது.

இரண்டு நாள். அந்தக் கணக்குதான் அவரை நிலைகொள்ள விடாமல் படுத்திக்கொண்டிருந்தது.

நாளைக் காலையில் கம்பெனியில் கைப் பரீட்சை. மூக்குத்தித் திருகாணி அளவுக்கு இருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்து எடுத்து ஒரு பலகையின் ஓட்டைகளில் வைக்க வேண்டுமாம், பக்கத்தில் ஒருவன் கடிகாரம் பார்ப்பானாம். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்குக் கார்டு வந்ததோ மருமகள் சரோஜா பேருக்கு. படிப்பில் அவளுக்குத்தான் மார்க் அதிகமாம். அவள் வர முடியாமல் போனாலோ, வந்து தேறாமல் போனாலோ, அதே கார்டில் மகள் காவேரி உட்காரலாம்.

மகன் ராஜசேகர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சரோஜாவுக்கு இருபத்து மூன்று வயசு, பிள்ளைகுட்டி கிடையாது. மணிமங்கலத்திலிருந்து அவள் அண்ணன் மாதம் தவறாமல் வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்கிறான். சும்மாவா வருவான்? வேலையும் கிடைத்துவிட்டால் கையோடு கூட்டிப்போய் இன்னொருத்தனுக்குக் கட்டிவைத்துவிட மாட்டானா?

நிலமும் போச்சு, நிலத்துக்கு வந்த வேலையும் போச்சு என்று கன்னியப்பன் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

கார்டு வந்த அன்று காவேரி அண்ணியைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். அப்புறம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதாள். அதை அவர் பார்த்துத் தொலைத்தார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடாதா?

ஏரி முழுக்க ஒரே கூச்சல். ஏலக்காரர் வலை இழுத்து முடித்தாயிற்று, மிச்சத் தண்ணீர் ஊருக்கு. முழங்கால் ஆழத்தில் குடும்பம் குடும்பமாக இறங்கிச் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குப் பிடிப்பதில் தின்றது போக மீதியை உப்புப் போட்டுக் காயவைத்தால் ஆடி வரைக்கும் குழம்புக்குக் கவலையில்லை. அவனவன் அவனவன் மீனில் இருந்தான். அடுத்தவன் கையைப் பார்க்க யாருக்கு நேரம்?

சரோஜா மட்டும் கரையோரம் குண்டானோடு நின்றாள். காவேரிதான் அவளை இறங்க விடவில்லை. பரீட்சை எழுதுகிற கையில் ஒரு கீறல் படக் கூடாது என்று மாமியார் மாதிரி அதிகாரம் பண்ணி நிறுத்திவைத்திருந்தாள்.

முள்ளை ஒடிக்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு ஒரு மறதி வரக் கூடாதா?

வல்லக்கோட்டை முருகா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள நினைத்தார். கை காலியாக இல்லை.

"சரோஜா, இந்தா புடி."

அவள் கையை நீட்டினாள். பார்வை என்னவோ பக்கத்தில் யாரோ பிடித்த விரால்மேல் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் கொடுக்கிற மீனை அவள் பார்த்து வாங்கியதே இல்லை. என்னத்துக்குப் பார்க்க வேண்டும்?

விரிந்திருந்த அந்த உள்ளங்கையை அவர் பார்த்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மீனைப் பின்னால் இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன் என்று பிற்பாடு தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டார்.

ஆனால் கை நீண்டபடியேதான் இருந்தது.

குறுக்கே இன்னொரு கை வந்தது. பக்கத்தில் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்த காவேரி எப்போது நிமிர்ந்தாள் என்றே தெரியவில்லை. கெளுத்தியை அப்படியே பொத்திப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கரைமேல் உட்கார்ந்தாள். உள்ளங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டுக்கு வழிந்தது.

சரோஜா குண்டானைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பாதி மீன் தண்ணீருக்கே போனது. முந்தானையைக் கிழித்துக் கட்டினாள், கண்ணில் தண்ணீரோடு திட்டினாள். நடக்கத் தெரிவதற்கு முன்னால் இந்த ஏரியில் இறங்கினவள் கெளுத்தியை இப்படியா பிடிப்பாள் என்று சுற்றி நின்றவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று காவேரி எல்லோருக்கும் பதில் சொன்னாள். சொன்ன நேரமெல்லாம் அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை.

கை அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. நாளைக்குச் சரோஜா தேறாமல் போனால் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார வேண்டிய கை.

சுண்ணாம்பு வாங்கிவருகிறேன் என்று சரோஜா கரையேறி ஓடினாள். அவள் தலை மறையும்வரை காவேரி காத்திருந்தாள். பிறகு நல்லாயிருந்த இடது கையை அவரிடம் நீட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"முள்ளு ஒடிக்காததுன்னா எங்கிட்ட குடு, நைனா. அண்ணி பாக்காமலே வாங்கிக்கும்."

கன்னியப்பன் குனிந்து சேற்றுக்குள் கையை விட்டார். அங்கே மீன் எதுவும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் துழாவிக்கொண்டே இருந்தார்.